பாலாறு போற வழியே கடலுக்கு: வேலூர் பக்கத்து ஆளுங்களுக்கு ரெண்டு நாள் கடலோர கிராமத்து டிரிப்

வேலூரு, ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் இருக்கற நமக்கு கடல்னா வாயில வர்றது ரெண்டே பேருதான், ஒன்னு மகாபலிபுரம் இல்லனா பாண்டி. ரெண்டும் நல்ல ஊருதான், வேணாம்னு சொல்லல. ஆனா இந்த ரெண்டுக்கும் நடுவுல ஈ.சி.ஆர்னு சொல்ற கிழக்குக் கடற்கரை சாலை ஓரமா கல்பாக்கத்துல ஆரம்பிச்சு மரக்காணம் வரைக்கும் மீனவர் குப்பம், கழிமுகம், சவுக்குத்தோப்பு, உப்பளம், இடிஞ்ச கோட்டைன்னு நீளமா ஒரு கரை இருக்கு, நம்மாளுங்க முக்கால்வாசி பேரு அத பஸ் ஜன்னல் வழியா பாத்துகினே பாண்டிக்கு போயிடறாங்க. அங்க எறங்கி ரெண்டு நாள் நிதானமா பாக்கணும்னு நெனைக்கறவங்களுக்குத்தான் இத எழுதறேன், அதுவும் மொத தடவ போறவங்களுக்கு.

எனக்கு அந்த கரை புடிக்கறதுக்கு இன்னொரு காரணம் நம்ம பாலாறு. கர்நாடகால நந்தி மலைப்பக்கம் பொறந்து, 348 கிலோமீட்டர் ஓடி, அதுல 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டுக்குள்ளயே வந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு எல்லாம் தாண்டி அது கடைசியா கடல்ல சேர்ற எடம் கல்பாக்கத்துக்கு தெக்க வயலூர் பக்கம். தெனம் பாலத்து மேல இருந்து வெறும் மணலா பாக்கற ஆறு அங்க அகலமா, உப்புத்தண்ணியும் நல்ல தண்ணியும் கலந்து நிக்கறத நம்ம பசங்களுக்கு ஒரு தடவயாவது காட்டணும்.

எந்த மாசம் போறது

மொதல்ல இத முடிவு பண்ணுங்க, மத்ததெல்லாம் அப்பறம். என்னக் கேட்டா ஜனவரில இருந்து மார்ச் நடுவுக்குள்ள போங்க. வடகிழக்கு மழை முடிஞ்சு கடல் கொஞ்சம் அடங்கியிருக்கும், ஏரி குட்டைல தண்ணி இருக்கும், பறவைங்க இருக்கும், உப்பளத்துல வேலை ஆரம்பிச்சிருக்கும், வெயிலும் தாங்கும். மாசி மகம் அன்னிக்கு போனா இன்னும் விசேஷம், அந்தக் கரைல நெறய ஊர்ல சாமிய கடலுக்கு தீர்த்தவாரிக்கு தூக்கினு வருவாங்க, மகாபலிபுரம் கடற்கரைல வட மாவட்டத்து இருளர் ஜனங்க குடும்பம் குடும்பமா வந்து மணல்லயே குடில் போட்டு தங்கி கன்னியம்மாவ கும்புடுவாங்க, கல்யாணம் கூட அங்கயே நடக்கும். அந்த நேரத்துல ரூம் மட்டும் முன்னாடியே பேசி வச்சிடணும்.

ஸ்கூல் லீவுன்னு மே மாசம் போறவங்கதான் அதிகம், போகலாம், ஆனா ஒரு விஷயம் தெரிஞ்சுகினு போங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், மீன் முட்டை போடற சீசன்னு விசைப்படகெல்லாம் கடலுக்கு போகாது. சின்ன ஃபைபர் படகு பக்கத்துல போய்ட்டு வரும், அதனால மீனு சுத்தமா இல்லன்னு இல்ல, ஆனா கம்மியா வரும், வெலையும் ஏறியிருக்கும். அத விட்டா மே மாசத்துல நுங்கு, தர்பூசணி ரெண்டும் ரோட்டோரமே குவிஞ்சு கெடக்கும்.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வேணாம். அந்தக் கரைதான் புயல் வர்ற வழி, 2022 டிசம்பர்ல மாண்டஸ் மகாபலிபுரம் பக்கம் கரை ஏறுச்சு, 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் பாண்டிக்கு பக்கத்துல ஏறுச்சு. அப்ப மீனவங்களே வலைய மேல ஏத்திட்டு வீட்ல இருப்பாங்க, நமக்கு அங்க என்ன வேலை.

எப்படி போறது, என்ன எடுத்துகினு போறது

கார்ல போறவங்க பெங்களூரு சென்னை ஹைவேல காவேரிப்பாக்கம் தாண்டி காஞ்சிபுரத்துக்கு திரும்பி, அங்க இருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், கல்பாக்கம். மொத்தம் சுமாரா 145 கிலோமீட்டர், டீ குடிச்சு போனாலும் மூன்றர மணி நேரம், அதனால விடிகாலைல கெளம்பினா வெயில் ஏறதுக்குள்ள கடலுக்கு போயிடலாம். வண்டி இல்லாதவங்க காட்பாடில இருந்து அரக்கோணம் ரயில் புடிச்சு, அங்க மாறி காஞ்சிபுரம் வழியா செங்கல்பட்டு, அதுக்கப்பறம் கல்பாக்கம் பஸ். கல்பாக்கத்துல இருந்து தெக்க போறதுக்கு ஈ.சி.ஆர்ல ஓடற பாண்டி பஸ்ஸே போதும், ஆனா ஏறும்போதே கண்டக்டர்கிட்ட எந்த ஸ்டாப்புல எறங்கணும்னு சொல்லி நிக்குமான்னு கேட்டுக்கங்க.

ஜனவரில இருந்து மார்ச்சுக்குள்ள போறீங்கன்னா செங்கல்பட்டுல இருந்து மதுராந்தகம் பக்கமா கொஞ்சம் சுத்தி வேடந்தாங்கல் பாத்துட்டு போங்க. அந்த ஊர் ஜனங்க தலைமுறை தலைமுறையா காப்பாத்தின ஏரி அது, பறவைங்கள சுடக்கூடாதுன்னு 1798லயே கலெக்டர்கிட்ட உத்தரவு வாங்கி வச்சவங்க. பறவை எச்சம் விழுந்த தண்ணி வயலுக்கு உரம், அதனால ஊருக்கும் லாபம். கூழைக்கடா, நத்தகுத்தி நாரை, கரண்டிவாயன் எல்லாம் மரத்து மேல சந்த மாதிரி சத்தம் போட்டுகினு இருக்கும். பைனாகுலர் இருந்தா எடுத்துகினு போங்க, சாயங்காலம் போனீங்கன்னா எற தேட போனதெல்லாம் கூட்டம் கூட்டமா திரும்பி வரும்.

பைல என்ன வைக்கணும்னா, தொப்பி, துண்டு, மாத்து துணி கூட ஒரு செட்டு, குடிக்கற தண்ணி நெறய, ஏன்னா கடலோரத்துல நெறய எடத்துல தண்ணி உப்பு கரிக்கும். சில்லறையா பணம், குப்பத்துல எல்லா எடத்துலயும் ஃபோன்ல பணம் அனுப்ப டவர் கெடைக்காது. எல்லார்கிட்டயும் ஆதார் மாதிரி ஏதாவது ஒரு அடையாள அட்டை. ஒரு தெர்மாகோல் பெட்டி, அது எதுக்குன்னு கடைசில சொல்றேன். லேடீஸ் கூட வராங்கன்னா முக்கியமா கவனிங்க, இந்த கிராமத்து கடற்கரைல டாய்லெட், டிரெஸ் மாத்தற ரூம் எதுவும் கெடையாது, அதனால ரூம் போட்ட எடத்துலயோ பெட்ரோல் பங்க்லயோ முடிச்சுகினு கெளம்பறதுதான் வழி.

தங்கறதுக்கு கல்பாக்கம் புதுப்பட்டினம் பக்கம் சாதாரண லாட்ஜ் இருக்கு, ஈ.சி.ஆர் முழுக்க காசுக்கேத்த ரிசார்ட் இருக்கு. ரிசார்ட்டுக்குள்ளயே ஸ்விம்மிங் பூல்ல ரெண்டு நாள் கெடந்துட்டு வர்றதுக்கு அவ்ளோ தூரம் போக வேணாம், அதனால நான் சொல்றது சாதாரண எடம் ஒன்னு எடுத்துகினு வெளிய சுத்துங்க.

மொத நாள்: சதுரங்கப்பட்டினமும் பாலாத்து முகத்துவாரமும்

கல்பாக்கத்த ஒட்டியே சதுரங்கப்பட்டினம், அங்க டச்சுக்காரங்க கட்டின செங்கல் கோட்டை இருக்கு. தொல்லியல் துறை பராமரிக்குது, அதனால சுத்தமா இருக்கும். உள்ள 17ம் 18ம் நூற்றாண்டு கல்லறைங்க இருக்கு, கல்லுல டச்சு எழுத்தும் படமும் செதுக்கி வச்சிருக்காங்க, அவ்ளோ நுணுக்கம். மெல்லிசு துணி வாங்கி கப்பல்ல ஏத்தறதுக்கு வந்தவங்க அவங்க, அந்த சரக்கு வச்ச கிடங்கும் இன்னும் நிக்குது. 1782 பிப்ரவரில இந்தக் கரைக்கு எதிர்லதான் இங்கிலீஷ்காரன் கப்பலும் பிரெஞ்சுக்காரன் கப்பலும் மோதிகினு சண்ட போட்டாங்க. ஒரு மணி நேரம் ஒதுக்குங்க, போதும். பக்கத்துலயே அணுமின் நிலையம், அந்தப் பக்கம் கேமராவ திருப்பாதீங்க, ட்ரோன் கொண்டு போகவே போகாதீங்க, போலீஸ் கேட்டா அடையாள அட்டைய காட்டுங்க.

அப்பறம் தெக்க வந்தா வயலூர் தாண்டி ஈ.சி.ஆர் பாலம் பாலாத்த கடக்கும். பாலத்து மேல வண்டிய நிறுத்தாதீங்க, லாரி பஸ் எல்லாம் வேகமா வரும், தாண்டி ஓரமா நிறுத்திட்டு நடந்து வந்து பாருங்க. மழை முடிஞ்ச மாசத்துல போனா தண்ணி தெரியும், 2021 நவம்பர்ல வேலூர்ல கரை புரண்டு ஓடின வெள்ளம் எல்லாம் இந்த வழியாத்தான் கடலுக்கு போச்சு. கோடைல ஆத்து வாய மணல் மேடு அடச்சிருக்கும், கடல் ஒரு பக்கம் ஆறு ஒரு பக்கம் நடுவுல மணல் திட்டு. முகத்துவாரத்துல மட்டும் தண்ணில கால் வைக்காதீங்க, மேல அமைதியா தெரியும், அடில இழுப்பு பலமா இருக்கும், மணலும் திடீர்னு ஆழமாகும்.

சாயங்காலத்துக்கு முதலியார்குப்பம். ஒதியூர் ஏரின்னு சொல்ற கழிமுகத்துல சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தோட படகு குழாம் இருக்கு, மழைத்துளின்னு பேரு. அங்க இருந்து படகுல போய் அந்தப் பக்கம் கடலோர மணல்ல எறங்கி கொஞ்ச நேரம் இருந்துட்டு வரலாம். லைஃப் ஜாக்கெட் குடுப்பாங்க, கொழந்தைக்கு பெருசா இருந்தா சின்ன சைஸ் கேட்டு வாங்குங்க, போட்டோவுக்காக கழட்டாதீங்க. சாயங்காலம் சீக்கிரமே டிக்கெட் நிறுத்திடுவாங்க, அதனால நாலு மணிக்குள்ள போயிடுங்க.

விடிகாலைல குப்பத்துக்கு

இந்த டிரிப்புல எதையாவது விடணும்னா வேற எதையாவது விடுங்க, இத விடாதீங்க. ரெண்டாவது நாள் அஞ்சரைக்கு எழுந்து பக்கத்துல இருக்கற ஏதாவது ஒரு மீனவர் குப்பத்துக்கு போங்க. ராத்திரியே போன ஃபைபர் படகெல்லாம் ஆறு மணில இருந்து ஒன்னொன்னா அலைய தாண்டி கரைக்கு வரும், அந்த அலைய தாண்டற நேரம் பாக்கணும், எஞ்சின எந்த எடத்துல தூக்கணும், எந்த அலை மேல ஏறி வரணும்னு அவங்களுக்கு தெரியும். வந்ததும் பத்து பேரு கூடி படக மேல இழுப்பாங்க, வலைய ஒதறி மீன எடுப்பாங்க, அங்கயே மணல்ல ஏலம் போகும்.

இங்க நம்ம எப்படி நடந்துக்கணும்ங்கறது முக்கியம். அது அவங்க வேலை செய்யற எடம், ராத்திரி முழுக்க தூங்காம வந்தவங்க. விரிச்சு வச்ச வலை மேல கால் வைக்காதீங்க, படகு மேல செருப்போட ஏறாதீங்க, படகுக்கு அவங்க பூசை போடறவங்க. போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி "எடுக்கலாமா ணா"ன்னு ஒரு வார்த்த கேளுங்க, பெரும்பாலும் சிரிச்சுகினே சரின்னுவாங்க. படகு இழுக்கும்போது கை குடுக்கணும்னு தோணினா கேட்டுட்டு குடுங்க, நடுவுல பூந்தா அடிபடும்.

ஏலத்துல நாம கலந்துக்க முடியாது, அது கூட கூடயா போறது. ஏலம் எடுத்த அக்காங்க ஓரமா கூறு கட்டி விப்பாங்க, அவங்ககிட்ட வாங்குங்க. நமக்கு ஏரி கெண்டையும் ஜிலேபியும் விராலும்தான் பழக்கம், அதனால புதுசா வாங்கறவங்க செவுள தூக்கி பாருங்க செவப்பா இருக்கணும், கண்ணு பளிச்சுன்னு இருக்கணும், வயித்த அழுத்தினா குழி விழாம எழும்பணும். வஞ்சரம் வேணும்னு அடம் புடிக்காதீங்க, கரைல என்ன வந்துச்சோ அதுதான் ருசி, சங்கரா, மத்தி, நெத்திலி எல்லாம் வெல கம்மியா கெடைக்கும், கழிமுகத்துல புடிச்ச மடவையும் எறாலும் நண்டும் கெடைச்சா யோசிக்காம வாங்குங்க. ஆஞ்சு குடுக்க தனியா பணம், அத பேரம் பேசாதீங்க. பக்கத்து மெஸ்ல கேட்டா கொழம்பு வச்சு குடுக்கற எடமும் உண்டு, காலைலயே சொல்லிடணும்.

கடல்ல எறங்கறது பத்தி

கெணத்துலயும் ஏரிலயும் நீச்சல் கத்துகினவங்க நாம, கடலும் அப்படித்தான்னு நெனச்சு எறங்கிடறோம். இந்தக் கரைல மணல் சட்டுன்னு சரியும், அலை ஒடைஞ்ச தண்ணி ஒரே எடமா வாய்க்கால் மாதிரி உள்ள இழுத்துகினு போகும். ரெண்டு பக்கமும் அலை வெள்ளையா ஒடையுது, நடுவுல ஒரு எடம் மட்டும் அலை இல்லாம கலங்கலா அமைதியா இருக்குன்னா அங்கதான் எறங்கக்கூடாது, நம்ம கண்ணுக்கு அதுதான் நல்ல எடமா தெரியும், அதான் ஆபத்து. அதுல மாட்டிகினா கரைய பாத்து எதிர்த்து நீஞ்சாதீங்க, தெம்பு போயிடும், மெதந்துகினே கைய தூக்கி கத்துங்க, கரைக்கு பக்கவாட்டா நீஞ்சி இழுப்புல இருந்து வெளிய வந்ததும் அலையோட கரைக்கு வாங்க. கிராமத்து கரைல காப்பாத்த ஆள் நிக்காது. முட்டிக்கு மேல வேணாம், கொழந்தைங்க கைய விட வேணாம், குடிச்சவங்கள கிட்டயே விட வேணாம், அமாவாசை பௌர்ணமி ஒட்டி தண்ணி இன்னும் மேல ஏறி வரும். எறங்கறதுக்கு முன்னாடி கரைல இருக்கற மீனவர்கிட்ட கேளுங்க, அவர் வேணாம்னு சொன்னா அதோட விட்டுடுங்க. ஏதாவது ஆச்சுன்னா 108.

மணல்ல பாக்கறதுக்கும் நெறய இருக்கு. ஊதா பூ பூத்து படந்திருக்கறது அடப்பங்கொடி, முள்ளு பந்து மாதிரி காத்துல உருண்டு ஓடறது ராவணன் மீசை, இது ரெண்டும்தான் மணல புடிச்சு வச்சிருக்கு, அதனால அது மேல வண்டி ஏத்தாதீங்க, ஏத்தினா வண்டியும் பொதஞ்சுக்கும். ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் ராத்திரில பங்குனி ஆமை முட்டை போட கரை ஏறும், அப்ப டார்ச், ஃபோன் லைட் எதுவும் அடிக்காதீங்க, வெளிச்சம் பாத்தா அது முட்டை போடாமயே திரும்பிடும்.

ஆலம்பரை

கடப்பாக்கத்துல இருந்து கெழக்க திரும்பினா ஆலம்பரை கோட்டை. ஆற்காட்டுக்காரங்க அவசியம் பாக்கணும், ஏன்னா இது ஆற்காட்டு நவாபு தோஸ்த் அலி கான் காலத்துல எழும்பின கோட்டை. துறைமுகம், நாணயச்சாலை எல்லாம் இருந்த எடம், சரிகை துணி, உப்பு, நெய் இங்க இருந்து கப்பல் ஏறுச்சு. 1750ல பாண்டில பிரெஞ்சு கவர்னரா இருந்த டூப்ளேக்கு கைமாறுச்சு, 1760ல இங்கிலீஷ்காரன் புடிச்சு இடிச்சுட்டான். இப்ப செங்கல் சுவரும் கொத்தளமும் மிச்சம், ஒரு பக்கம் கழிமுகம், அதுக்கு அந்தப் பக்கம் கடல். சுவர் மேல ஏறாதீங்க, சுண்ணாம்பு உதிருது. நெழல் கெடையாது, காலைல ஒம்போதுக்குள்ள இல்லனா நாலு மணிக்கு மேல. அங்க இருக்கற மீனவங்க படகுல கழிமுகத்த சுத்தி காட்டி மணல் திட்டுல எறக்கி விடுவாங்க, தலைக்கு எவ்ளோவா படகுக்கு எவ்ளோவா, திரும்ப எப்ப கூட்டினு வருவாங்கன்னு ஏறதுக்கு முன்னாடியே பேசிடுங்க.

மரக்காணம் உப்பளம்

இங்க கொஞ்சம் நேரம் எடுத்து நில்லுங்க. ரோட்டுக்கு பக்கத்துலயே கண்ணுக்கு எட்டற வரைக்கும் பாத்தி பாத்தியா இருக்கும். களிமண்ண மிதிச்சு மிதிச்சு சிமெண்ட் தரை மாதிரி இறுக்கி, மொத பாத்தில உப்புத்தண்ணிய விட்டு வெயில்ல சுண்ட விட்டு, அடுத்த பாத்திக்கு மாத்தி, அங்கயும் சுண்டினப்பறம் கடைசி பாத்திக்கு விடுவாங்க, அங்கதான் உப்பு பூக்கும். அத நீளக் கம்புல பலகை கட்டி வாரி வரப்புல குமிச்சு, தண்ணி வடிஞ்சதும் தலைல சொமந்து கொண்டு போய் அம்பாரமா கொட்டுவாங்க. ஒரு மழை பேஞ்சா பாத்தில இருக்கற உப்பெல்லாம் கரைஞ்சு போய் மறுபடியும் மொதல்ல இருந்து. மழைக்காலம் முழுக்க வேலை கெடையாது. வெயில் ஏறினா அந்த வெள்ளை கண்ண கூசும், அதனால விடியறதுக்கு முன்னாடியே வேலைக்கு எறங்கிடறாங்க, உப்புத்தண்ணில நின்னு நின்னு கால் வெடிச்சு போயிருக்கும். நாம வீட்ல ஒரு கிள்ளு போடற உப்பு எப்படி வருதுன்னு பசங்க கிட்ட நின்னு பாக்கட்டும். வரப்பு மேலயே நடங்க, பாத்தில செருப்பு கால் படக்கூடாது.

பக்கத்துல ஓடறது பக்கிங்காம் கால்வாய், ஆந்திரா காக்கிநாடால ஆரம்பிச்சு இந்தப் பக்கம்தான் வந்து முடியுது, ஒரு காலத்துல உப்பும் வெறகும் படகுலயே சென்னைக்கு போன வழி. 1876ல இருந்து 78 வரைக்கும் அடிச்ச தாது வருஷ பஞ்சத்துல நம்ம ஜனங்க கூலிக்கு வெட்டின பங்கும் இதுல இருக்கு. இன்னும் நேரம் இருந்தா கழுவேலி ஏரி, 2021ல பறவை சரணாலயமா அறிவிச்சாங்க, ஜனவரி பிப்ரவரில பூநாரை தெரிய வாய்ப்பு இருக்கு, தண்ணி நெலவரத்த பொறுத்தது.

திரும்பற வழி

வந்த வழியே வராதீங்க. மரக்காணம், திண்டிவனம், வந்தவாசி, செய்யாறு, ஆற்காடு, வேலூர்னு வாங்க, கூட்டம் கம்மி. 1760 ஜனவரி 22ல வந்தவாசில பிரெஞ்சுக்காரன் தோத்தான், ஆலம்பரைய இடிச்சதும் அதே வருஷம்தான், பசங்களுக்கு வண்டில போகும்போதே கதையா சொல்லலாம். வந்தவாசில கோரப்பாய் வாங்குங்க, வேலூர் வெயிலுக்கு அதுல படுத்தாதான் தூக்கம் வரும்.

தெர்மாகோல் பெட்டி சொன்னேன் இல்ல, அது மீனுக்கு. கெளம்பற அன்னிக்கு காலைல குப்பத்துல வாங்கி, ஆஞ்சு, கழுவி, அடில ஒரு அடுக்கு ஐஸ், மேல கவர்ல கட்டின மீன், அதுக்கு மேல மறுபடியும் ஐஸ், மூடிய டேப் போட்டு ஒட்டிடுங்க. ஐஸ் குப்பத்துலயே ஒடச்சு குடுப்பாங்க. நாலு மணி நேரத்துக்குள்ள வீட்டுக்கு வந்தா அன்னிக்கு ராத்திரி கொழம்புக்கு கெடாம இருக்கும், அதுக்கு மேல ஆகும்னா வழில ஒரு தடவ தண்ணிய வடிச்சிட்டு ஐஸ் மாத்துங்க. பஸ்ல வர்றவங்க மீனுக்கு பதிலா கருவாடு வாங்கிகினு வாங்க, ரெண்டு கவர் போட்டு கட்டி வச்சா பக்கத்து சீட்டுக்காரருக்கு தொந்தரவு இல்ல. வீட்டுக்கு வந்த மறுநாளே வண்டிய அடிப்பக்கம் சேத்து நல்ல தண்ணில கழுவிடுங்க, உப்புக்காத்து பட்ட எடமெல்லாம் துரு புடிச்சிடும்.